எல்லாக் கோணத்தையும் 180-லிருந்து கழிக்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். செங்கோட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறீர்கள். எல்லை தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரை போய் டிரஸ் கூரை, அதாவது பைப்பில் முக்கோணச் சட்டம் கட்டிய கூரை, போடுகிறீர்கள். மகள் ஏழாம் வகுப்பு. குறுங்கோணம், விரிகோணம் என்று பெயரெல்லாம் தடதடவென ஒப்பிக்கிறாள். ஆனால் ஒரு கோணத்தை மட்டும் மறைத்து "இது எவ்வளவு?" என்று கேட்டால், படம் எதுவாக இருந்தாலும் 180-லிருந்து கழித்து ஒரு விடையை எழுதிவிடுகிறாள். பாதி சரியாகிறது, பாதி தப்பாகிறது. "நான் பத்தாவதோடு நிறுத்தினவன், நானே உட்கார்ந்து சொல்லித்தர முடியுமா சார்?" என்று முடித்திருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். சொல்லப்போனால் அந்தப் பிள்ளைக்குச் சொல்லித்தர உங்களைவிடத் தோதான ஆள் கிடையாது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

பிள்ளையின் கழித்தலில் கோளாறு இல்லை. எதிலிருந்து கழிக்க வேண்டும் என்று அவள் தன்னையே ஒருமுறை கேட்டுக்கொள்வதில்லை, அவ்வளவுதான். அதற்குப் பள்ளிக்கூடமும் ஒரு காரணம். கோணங்களை வகைப்படுத்துவதை ஒரு பாடமாகவும், விடுபட்ட கோணம் காண்பதை வேறொரு பாடமாகவும் பிரித்து நடத்துகிறோம். இதில் எனக்கு உடன்பாடு கிடையாது. கோணத்துக்குப் பெயர் வைப்பதே, கணக்குப் போட்ட பிறகு விடை தேறுமா தேறாதா என்று பார்ப்பதற்குத்தான். பெயரைப் பார்க்காமல் கழிக்கிற பிள்ளை, 135 என்று எழுதிவிட்டு ஊசிபோல இருக்கிற கோணத்துக்குப் பக்கத்தில் அதைக் கூசாமல் குறித்து வைக்கும்.

பெயர்களை வேகமாக முடித்துவிடலாம். 90 பாகைக்குக் குறைந்தால் குறுங்கோணம். சரியாக 90 என்றால் செங்கோணம். 90-ஐத் தாண்டி 180-ஐத் தொடாமல் நின்றால் விரிகோணம். சரியாக 180 என்றால் நேர்க்கோணம். 180-க்கு மேல், 360-க்குள் இருந்தால் பின்வளைகோணம். ஒரு முழுச் சுற்று 360. இதில் பின்வளைகோணத்தைப் பிள்ளைகள் கண்டுகொள்வதே இல்லை. இரண்டு கோடு சேர்கிற இடத்தில் எப்போதும் இரண்டு கோணம் இருக்கிறது. உள்பக்கம் 70 என்றால் வெளியே சுற்றிவருவது 290. வினாத்தாளில் எந்தப் பக்கம் வில் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு மயக்கமும் உண்டு. கோடு நீளமாக இருந்தால் கோணம் பெரிது என்று நிறையப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பட்டறையில் ஒரு சின்ன மூலைமட்டமும் ஒரு பெரிய மூலைமட்டமும் இருக்குமே, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் காட்டுங்கள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

கோணமானியில் இரண்டு வரிசை எண்கள் இருப்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு வரிசை இடமிருந்து ஏறும், மற்றது வலமிருந்து ஏறும். ஒரே கோட்டின்மேல் 50-ம் 130-ம் சேர்ந்தே நிற்கும். எதைப் படிப்பது? அளப்பதற்கு முன்பே "இது குறுங்கோணம்" என்று பிள்ளை வாயால் சொல்லிவிட்டால் 130 தானாக விழுந்துவிடும். பெயரின் உபயோகம் என்று நான் சொன்னது இதைத்தான்.

இனி மொத்தத்துக்கு வருவோம். விடுபட்ட கோணம் என்று கேட்கிற கணக்கில் பெரும்பாலும் ஒரு மொத்தம் ஒளிந்திருக்கும், அதைக் கண்டுபிடித்தால் மிச்சம் வெறும் கழித்தல். மொத்தம் நாலைந்து வகைதான். இரண்டு கோணம் சேர்ந்து ஒரு செங்கோணம் ஆகிறதா? மொத்தம் 90, அவை நிரப்புக் கோணங்கள். சேர்ந்து ஒரு நேர்க்கோடு ஆகிறதா? மொத்தம் 180, மிகைநிரப்புக் கோணங்கள். ஒரு புள்ளியைச் சுற்றி வருகிறதா? 360. முக்கோணத்துக்குள் மூன்றும் சேர்ந்து 180, நாற்கரத்துக்குள் நான்கும் சேர்ந்து 360.

360 எங்கிருந்து வந்தது என்று பிள்ளை கேட்டால், கேட்க வேண்டும், பாபிலோனியர்கள் அறுபது அறுபதாக எண்ணிய பழக்கத்தின் வழியாக வந்தது என்று சொல்லுங்கள். வசதியான எண்ணும்கூட. 360-ஐ மீதியில்லாமல் வகுக்கிற எண்கள் 24 இருக்கின்றன, நூறுக்கு ஒன்பதுதான்.

90-க்கு நிரப்புவதைச் சொல்லித்தர உங்கள் கட்டிங் மெஷினே போதும். பைப்பைப் பிடிக்கிற வைஸில் பாகை குறித்திருக்கும். அதைச் சுழியத்தில் வைத்து வெட்டினால் வெட்டு எப்படி வரும்? பைப்பின் ஓரத்தோடு நேர்செங்குத்தாக, 90-ல். அதே வைஸை 30-க்குத் திருப்பி வெட்டினால், வெட்டு பைப்பின் ஓரத்தோடு செய்கிற கோணம் 60. மெஷினில் உள்ள எண் செங்குத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. 30-ம் 60-ம் சேர்ந்து 90. ஜன்னல் சட்டத்துக்கு 45 வைத்து வெட்டும்போது மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படுவதில்லை. மகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குக் கூட்டிவந்து, வெட்டிய துண்டின்மேல் கோணமானியை வைத்து அளக்கச் சொல்லுங்கள். மெஷின் ஓடும்போது தள்ளியே நிற்கட்டும்.

அந்தத் துண்டிலேயே நேர்க்கோடும் இருக்கிறது. வெட்டிய கோடு பைப்பின் ஓரத்தில் வந்து நிற்கும்போது துண்டின் பக்கம் 60 என்றால், வெட்டி விலக்கிய பக்கம் 120. ஒன்று குறுங்கோணம், ஒன்று விரிகோணம், சேர்ந்தால் 180. புத்தகத்தில் இதை நேரிய கோண இணை என்பார்கள்.

இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் நான்கு கோணங்கள் வரும். எதிரெதிரே இருப்பவை சமம், அவை குத்தெதிர்க் கோணங்கள். இதை மனப்பாடம் பண்ண வைக்காதீர்கள், காரணம் ஒரே வரி. முதல் கோணமும் பக்கத்துக் கோணமும் சேர்ந்து 180. அதே பக்கத்துக் கோணமும் எதிர்க்கோணமும் சேர்ந்து 180. ஆகவே முதலும் எதிரும் ஒன்றேயாக வேண்டும். கிரேக்க நாட்டு தாலஸ் இதைக் கண்டவர் என்று பழைய குறிப்பு ஒன்று சொல்கிறது. யூக்ளிட் தன் முதல் புத்தகத்தில் பதினைந்தாவது தேற்றமாக இதை வைத்தார், ஏறத்தாழ இதே காரணத்தோடு.

இப்போது உங்கள் கூரைக்கு வருகிறேன். சாரல் விழுகிற நம் பக்கத்தில் கூரைக்கு நல்ல சாய்வு கொடுத்தே ஆக வேண்டும், கேரளத்துப் பக்கம் இன்னும் கூட. சாய்வு 30 பாகை என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிரஸ்ஸை நோட்டில் வரையுங்கள்: கீழே படுக்கையாக அடிப் பைப், இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில் சாய்வுப் பைப், முகட்டிலிருந்து நேர் கீழே நடுப் பைப். சாய்வுப் பைப் சுவரைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், இறவானத்துக்காக. சுவரையும் வரைந்துவிடுங்கள். ஏழாம் வகுப்பு வடிவியல் பாடத்தில் முக்கால்வாசி இந்த ஒரு படத்தில் அடங்கிவிடும்.

அடியில் இரண்டு மூலையும் 30, 30. இரண்டு சாய்வுப் பைப்பும் சம நீளம், ஆகவே இருசமபக்க முக்கோணம், ஆகவேதான் அடிக்கோணங்கள் சமம். முகட்டில் எவ்வளவு? கணக்குப் போடுவதற்கு முன் பெயர் கேளுங்கள். பார்த்தாலே தெரியும், விரிகோணம். பிறகு 180-லிருந்து 60 போக 120. பெயரும் எண்ணும் பொருந்துகிறது. நடுப் பைப் அதைச் சரிபாதியாக்குகிறது, பக்கத்துக்கு 60. பாதி டிரஸ்ஸை மட்டும் பார்த்தால் 30, 60, 90. பெட்டியில் உள்ள இரண்டு மூலைமட்டத்தில் ஒல்லியாக இருக்குமே, அதே முக்கோணம்.

சுவரும் நடுப் பைப்பும் இரண்டும் தூக்குக்குண்டுக்கு நிற்கின்றன, அதாவது இணைகோடுகள். சாய்வுப் பைப் இரண்டையும் வெட்டிக்கொண்டு போகிறது. புத்தகத்து மொழியில் குறுக்குவெட்டி. முகட்டில் நடுப் பைப்புக்கும் சாய்வுப் பைப்புக்கும் இடையே 60 இருந்தது. அப்படியானால் வெளியே, சுவருக்கும் நீட்டிக்கொண்டிருக்கிற இறவானத்துக்கும் இடையே எவ்வளவு? அதுவும் 60. இரண்டும் ஒத்த கோணங்கள்: குறுக்குவெட்டிக்கு ஒரே பக்கம், அந்தந்தக் கோட்டுக்கும் ஒரே பக்கம். சுவரின் உள்பக்கம் சாய்வுப் பைப்போடு 120. சுவர்ப்பக்கம் 120, நடுப் பைப் பக்கம் 60, இரண்டும் இணைகோடுகளுக்கு நடுவே குறுக்குவெட்டியின் ஒரே பக்கம் இருக்கிற உட்கோணங்கள், சேர்ந்து 180. முகட்டுக்கு மேலே நடுப் பைப்பையும் சாய்வுப் பைப்பையும் புள்ளிக்கோடாக நீட்டினால் அங்கே ஒரு 60 கிடைக்கும், கீழே உள்ளதற்குக் குத்தெதிர்.

சுவர் தூக்குக்குண்டுக்கு நிற்காமல் வெளியே இரண்டு பாகை சாய்ந்திருந்தால்? இறவானத்துக்கும் சுவருக்கும் நடுவே 62 வந்துவிடும். 60-க்கு வெட்டிவைத்த சப்போர்ட் அங்கே உட்காராது, ஒரு முனையில் இடுக்கு விழும். உங்களுக்கு இது பழகின தலைவலிதான். ஒத்த கோணங்கள் சமம் என்று சொல்லும்போதெல்லாம் "கோடுகள் இணையாக இருந்தால்" என்று ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டே வருகிறது. பிள்ளைகள் அதை விழுங்கிவிடுவார்கள். படத்தில் இணை என்று காட்டும் அம்புக்குறி இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஒத்த கோணம், ஒன்றுவிட்ட கோணம் (இணைகோடுகளுக்கு நடுவே, குறுக்குவெட்டிக்கு எதிரெதிர்ப் பக்கம் இருப்பவை) என்ற பேச்சை எடுக்க வேண்டும்.

இப்போது கொஞ்சம் கடினமான கேள்வி. நடுப் பைப்பின் அடியிலிருந்து சாய்வுப் பைப்புக்கு ஒரு சப்போர்ட் கொடுங்கள், அடிப் பைப்போடு 45 பாகையில். பாதி டிரஸ் இரண்டு முக்கோணமாகப் பிரிந்துவிட்டது. சப்போர்ட் சாய்வுப் பைப்பில் முட்டுகிற இடத்தில் இரண்டு கோணம், நடுப் பைப்போடு சேர்கிற இடத்தில் ஒன்று, மூன்றையும் கண்டுபிடிக்க வேண்டும்.

சுவர்ப்பக்க முக்கோணத்தில் மூலை 30, சப்போர்ட்டின் அடி 45. மொத்தம் 180. மிச்சம் 105. விரிகோணம், படத்திலும் விரிந்துதான் இருக்கிறது. அதற்கு ஒட்டிய கோணம், அதே சாய்வுப் பைப்பின்மேல் மேற்பக்கம் இருப்பது: இங்கே மொத்தம் முக்கோணம் கிடையாது, நேர்க்கோடு. 180-லிருந்து 105 போக 75. சப்போர்ட்டுக்கும் நடுப் பைப்புக்கும் இடையே: அங்கே அடிப் பைப்பும் நடுப் பைப்பும் செங்கோணத்தில் நிற்கின்றன, அதற்குள் 45 போய்விட்டது, மொத்தம் 90, மிச்சம் 45. உங்கள் மகள் இந்த இடத்தில்தான் 180-லிருந்து கழித்து 135 என்று எழுதுவாள். செங்கோணத்துக்குள்ளே அடங்கிக்கிடக்கிற கோணம் எப்படி 135 ஆகும் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நீங்களாகத் திருத்த வேண்டாம், கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

கடைசியாக, இதுவரை தொடாத மேல் முக்கோணத்தில் மூன்றையும் கூட்டச் சொல்லுங்கள்: முகட்டில் 60, சாய்வுப் பைப்பில் 75, நடுப் பைப்பில் 45. கூட்டினால் 180. வேறு வேறு மொத்தத்திலிருந்து கழித்த எண்கள் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து பொருந்தும்போது பிள்ளைக்கு வருகிற நம்பிக்கை, வாத்தியார் போடுகிற சரி குறியில் வராது.

முக்கோணத்தின் மூன்று கோணம் ஏன் 180 என்று கேட்டால், காகிதத்தில் முக்கோணம் வெட்டி மூன்று மூலையையும் கிழித்து ஒரு கோட்டின்மேல் சேர்த்து வைத்துக் காட்டுவது வழக்கம். காட்டுங்கள், தப்பில்லை. ஆனால் அது ஒரு காகிதத்துக்குத்தான் பொருந்தும், எல்லா முக்கோணத்துக்கும் நிரூபணம் ஆகாது. நிரூபணம் உங்கள் படத்திலேயே இருக்கிறது. முகட்டின் வழியாக அடிப் பைப்புக்கு இணையாக ஒரு கோடு போடுங்கள். இடது அடிக்கோணமும் அந்தக் கோட்டின் இடது பக்கக் கோணமும் ஒன்றுவிட்ட கோணங்கள், சமம். வலது பக்கமும் அப்படியே. ஆக முகட்டில் ஒரே கோட்டின் கீழே மூன்று கோணமும் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டன: 30, 120, 30. நேர்க்கோடு, 180. எந்த முக்கோணத்துக்கும் இதையே செய்யலாம்.

இது சமதளத்தில்தான் என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து ஆங்கிலேய அதிகாரி லாம்ப்டன் தொடங்கிய நில அளவை, முக்கோணம் முக்கோணமாகக் கன்னியாகுமரி வரை வந்தது. அவ்வளவு பெரிய முக்கோணங்களில் பூமியின் வளைவால் மூன்று கோணத்தின் கூட்டல் 180-ஐக் கொஞ்சம் தாண்டும். பக்கத்துக்கு 50 கிலோமீட்டர் உள்ள சமபக்க முக்கோணம் என்றால், ஒரு பாகையை 3600 பங்காக்கி அதில் ஏறத்தாழ ஐந்தரைப் பங்குதான் கூடுதல். உங்கள் கூரைக்கு இந்தக் கவலை வேண்டாம்.

வெளிக்கோணத்தை நீட்டி முழக்க வேண்டியதில்லை. அடிப் பைப்பைச் சுவருக்கு வெளியே நீட்டினால் சாய்வுப் பைப்போடு 150 வரும். அது எதிரே உள்ள இரண்டு உட்கோணங்களின் கூட்டல், 120-ம் 30-ம். எப்போதும் அப்படித்தான். வெளிக்கோணம் 118, எதிர் உட்கோணம் ஒன்று 47 என்றால் மற்றது 71. இதில் மட்டும் 180 எங்கேயும் தலைகாட்டாது, அதனால் உங்கள் மகளுக்கு நல்ல பயிற்சி.

நாற்கரத்துக்கு ஜன்னல் சட்டம். வெல்டிங் சூட்டில் சட்டம் கோணிப்போனால் ஒரு மூலை 88 ஆகும், அடுத்தது 92, மறுபடி 88, 92. கூட்டினால் 360 மாறாது. பக்கங்கள் சரியாக இருந்தும் மூலை கெட்டிருக்கிறதா என்று பார்க்கத்தானே நீங்கள் டேப்பை எடுத்து இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்கிறீர்கள். அளக்கும்போது டேப்பின் மறுமுனையை அவளைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த கட்டமாக எண்ணுக்குப் பதில் எழுத்து வரும். ஒரு முக்கோணத்தின் கோணங்கள் 2க + 10, 3க − 5, க + 25 என்று கொடுத்திருப்பார்கள். கூட்டினால் 6க + 30, அது 180-க்குச் சமம், ஆகவே க = 25. இங்கே நிறுத்திவிட்டு 25 என்று விடை எழுதுகிற பிள்ளைகள் ஏராளம். கேட்டது கோணம். திரும்ப உள்ளே போட்டால் 60, 70, 50. மூன்றும் 90-க்குக் குறைவு, குறுங்கோண முக்கோணம். கூட்டினால் 180. இரண்டு சோதனையிலும் தேறிவிட்டது.

வீட்டில் உட்காரும்போது பத்துக் கணக்கு கொடுத்து ஓட்டாதீர்கள். இரண்டு போதும். ஒவ்வொன்றிலும் பென்சிலை எடுக்குமுன் இரண்டு கேள்வி: இது என்ன வகைக் கோணமாக இருக்கும், எந்த மொத்தத்தில் ஒரு துண்டு இது. இரண்டுக்கும் வாயால் பதில் வந்த பிறகுதான் கழித்தல். படத்தைக் கண்ணால் பார்த்து அளவு எழுதவும் விடாதீர்கள்; வினாத்தாளில் பல படங்கள் அளவுக்கு வரையப்பட்டிருக்காது. வகை தெரியும், அளவு தெரியாது. பார்க்கச் செங்கோணம்போல இருந்தாலும் மூலையில் சின்னச் சதுரம் போட்டிருந்தால்தான் 90.

இன்று ராத்திரி கொடுக்க ஒன்று: மூன்றரை மணிக்குக் கடிகார முட்கள் இரண்டுக்கும் இடையே எத்தனை பாகை? 90 என்பாள். பெரிய முள் ஆறில் இருக்கும்போது சின்ன முள் மூன்றில் நிற்காது, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே போயிருக்கும். ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண் 30 பாகை, ஆகவே இரண்டரை இடைவெளி, 75. பிறகு ஒன்பதரை மணிக்குக் கேளுங்கள்: மூன்றரை இடைவெளி, 105. இரண்டையும் கூட்டினால் 180 வருகிறது, அது ஏன் என்பதுதான் கேள்வி. உங்களுக்கு விடை: மூன்றரைக்குச் சின்ன முள் நின்ற இடத்துக்கு நேர் எதிரே ஒன்பதரைக்கு நிற்கிறது, இரண்டு நிலையும் சேர்ந்து ஒரே நேர்க்கோடு, பெரிய முள் இரண்டு தடவையும் ஆறிலேயே நின்று அதைப் பிரிக்கிறது. அவளாகச் சொல்லும்வரை இதைச் சொல்லிவிடாதீர்கள்.